டபோவா, டூங்கபியா

1997 நவம்பர் 3, திங்கள்

காலையிலேயே வெக்கை. குசினி யன்னல் திரைகள் கழுவிப் போட்டேன், பத்து மணிக்குள் காய்ந்துவிட்டன.

நிரஞ்சனிக்கு இரண்டு இடத்திலிருந்து பதில். கொழும்பில் எட்டு வருஷம் மருந்தாளராக இருந்தவள். இங்கே பரீட்சைகள் எல்லாம் பாஸ். ஆனாலும் ஒரு வருஷம் மேற்பார்வையில் வேலை செய்தால்தான் பதிவு. ஒன்று டபோ ஆஸ்பத்திரி, காரில் ஐந்தாறு மணித்தியாலம். மற்றது டூங்கபி ஸ்டேஷனடியில் செல்வராஜ் என்ற மலேசியக்காரரின் மருந்துக்கடை. வீட்டிலிருந்து நடைதூரம். வெள்ளிக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

"கடை போதும் அம்மா."

ஷாம்பூ விற்கவா படித்தாள்? சொல்லவில்லை. ஆனால் ஒரு வருஷம் ஒருவரின் கீழ் நிற்கப்போகிறாள். ஆள் எப்படி என்று பார்க்க வேண்டாமா? பின்வீட்டுத் திருமதி இராசநாயகம் அங்கேதான் மருந்து எடுக்கிறார். போன் பண்ணினேன். குடி உண்டா, கோபக்காரரா, என்ன குடும்பம்.

"விசாரிச்சுச் சொல்லுறன் அக்கா." குரலில் ஏனோ பெரிய உற்சாகம்.

நவ. 4, செவ்வாய்

மெல்பேர்ன் குதிரைப் பந்தயம். தபால்காரர்கூட ரேடியோவும் கையுமாக.

வாங்க: பால், உள்ளி, வெள்ளை நூல்.

நி. கட்டிலில் டபோ வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள். நான் உள்ளே போனதும் மடித்துவிட்டாள்.

நவ. 5, புதன்

தூறல். முழங்கால் வலி.

நி. செல்வராஜைப் பார்க்கப் போய், முகம் சிவந்து திரும்பினாள்.

"அம்மா, ஆரிட்ட என்ன சொன்னனீங்கள்?"

நடந்தது இது. திருமதி இரா. நேற்றுக் கடைக்குப் போய், "தம்பி, உங்கட நட்சத்திரம் என்ன? எங்கட நிரஞ்சனிக்குப் பாக்கினம்" என்று கேட்டிருக்கிறார். செல்வராஜின் மனைவி பின்னால் நின்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

நிரஞ்சனிக்காக என்று மட்டும்தான் போனில் சொன்னேன். வேலைக்கு என்று தனியாகச் சொல்லத் தோன்றவில்லை. முப்பத்துநாலு வயதுப் பெண்ணுக்கு வேறு எதை விசாரிப்பார்கள் என்று அவர் நினைத்திருப்பார்.

"இனி அந்தக் கடைக்கு நான் என்னெண்டு போறது?"

இரவு அவள் சாப்பிடவில்லை. கத்தரிக்காய்க் குழம்பு அப்படியே இருக்கிறது.

நவ. 6, வியாழன்

நானே போனேன். சாம்பல் சேலை, குடை, கைத்தடி. பிழையை நேரில் போய்த்தான் திருத்த வேண்டும். கொன்வென்ற்றில் சிஸ்டர்மார் அப்படித்தான் பழக்கினார்கள்.

செல்வராஜின் மனைவி கதிரையை இழுத்துப் போட்டு, "வாங்க சம்பந்தியம்மா" என்றார். அவரும் செல்வராஜும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் குறைவாக. விஷயத்தை விளக்கி மன்னிப்புக் கேட்டேன்.

கடை சுத்தம். லேபல்கள் நேராக. ஒரு கிழவருக்கு மருந்தை மூன்று தரம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார் மனிதர். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"அன்ரி, அவங்களுக்கு இங்க எடம் இருக்கு. ஆனா நேத்து கேட்டது பூரா ஆஸ்பத்திரி வேலை பத்திதான். வார்டுக்குப் போறது, கேன்சர் மருந்து கலக்குறது. எங்கிட்ட அதெல்லாம் இல்ல லா."

"பிறகு ஏன் இங்கே கேட்டவள்?"

அவர் என் கைத்தடியைப் பார்த்தார்.

வீட்டில் நி.யிடம், "எனக்கு அந்தக் கடை பிடிக்கேல்லை. ஒடுக்கம். டபோவுக்குப் போ" என்றேன்.

"தனிய இருப்பீங்களோ?"

"கடை எண்டாலும் காலமை போனால் பொழுதுபடத்தான் வருவாய். அப்ப மட்டும் ஆரோட இருக்கப்போறன்?"

கடுமையாகச் சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லாவிட்டால் போகமாட்டாள்.

நவ. 7, வெள்ளி

நல்ல மழை.

காலையில் நி. டபோவுக்கு போனில் ஓம் சொன்னாள். அவள் இங்கிலீஷ் இப்போது தெளிவு. வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பாட்டு. பாடி எத்தனை காலம்.

பின்னேரம் என் பிறஷர் மருந்துச் சீட்டுகளைச் செல்வராஜிடம் கொடுத்தேன். இதுவரை பிளாக்டவுனில் எடுத்தது. இனி ஒவ்வொரு வெள்ளியும் வந்து எடுப்பேன் என்றேன்.

"ஒரு வெள்ளி வரலைன்னா நானே வீட்டுக்கு வந்திடுவேன் அன்ரி."

சரி என்றேன். நி.யிடம் சொல்லவில்லை.

திரும்பும்போது மழை ஓய்ந்திருந்தது. குடையை அங்கேயே விட்டுவிட்டேன். நாளைக்குப் போய் எடுக்க வேண்டும்.