நாற்பது வரிகளின் சொந்தக்காரர்

ஆடி, இரண்டாம் வெள்ளி. சாரல் விடவில்லை.

காலையில் விளக்கேற்றிவிட்டு மடிக்கணினியைத் திறந்தால் முன்பின் தெரியாத ஒருவரின் மின்னஞ்சல். திதி, நட்சத்திரம் கணிக்க நான் எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் நிரல் தொகுப்பில், சூரிய உதயம் பார்க்கும் நாற்பது வரிகள் அவருடையவையாம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அவர் பெயரும் உரிமக் குறிப்பும் கூடவே இருக்க வேண்டும். பத்து நாளில் சேர்க்காவிட்டால் அதை வைத்திருக்கும் தளத்திடம் தொகுப்பையே நீக்கச் சொல்வாராம். நீக்கினால் பைத்தான், ஜாவா என்ற கணினி மொழிகளில் அதை வைத்துப் பஞ்சாங்கச் செயலி நடத்துகிறவர்கள் பாடு திண்டாட்டம்.

எந்த வரி எங்கிருந்து வந்தது என்று நோட்டில் எழுதி வைப்பவள் நான். அந்த நாற்பதுக்கு மட்டும் பதிவு இல்லை. நிரல் எழுதப் படிக்கத் தொடங்கிய புதிதில் எடுத்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஏட்டி, வரிய முன்னப்பின்ன மாத்தி எழுதிரு. யாரு கண்டுபிடிக்கப் போறா?"

"சாமிக்குப் பூ பறிக்கக்கூட அடுத்த வீட்டுல கேட்டுட்டுத்தான பறிக்கேன்."

"அப்போ போன மாசம் ஒன் நிரல வச்சு செயலி போட்டுட்டு ஒம் பேர எடுத்துட்டாருன்னு அந்த மேலகரத்துக்காரர ஊரறியக் கிழிச்சியே. அவரு இப்போ சிரிப்பாருல்லா."

அதுதான் தைக்கிறது. நான் இணையத்தில் கிழித்து எழுதியதைப் படித்துத்தான், மின்னஞ்சல் அனுப்பிய இந்த மனிதர் என் நிரலையே திறந்து பார்த்தாராம்.

மாலையில் அவர் பெயரையும் உரிமக் குறிப்பையும் சேர்த்தேன். தவறு என்னுடையது, புதிய பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தொகுப்பைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் எழுதினேன். மேலகரத்துக்காரருக்கும்தான்.

முதல் பதில் அவரிடமிருந்துதான் வந்திருக்கிறது. இன்னும் திறக்கவில்லை.