விருந்தாளித் தண்ணீர்

அண்ணி,

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பாட்டிலை இன்று காலை இறக்கினேன். உப்பேறிய நைலான் கயிற்றின் வாசனை இன்னும் அதில் இருக்கிறது. கழுத்தில் நீங்கள் கட்டிய கல். வாயில் நீங்கள் செதுக்கி அடைத்த வலைத் தக்கை. தக்கையை மட்டும் இழுக்க ஒரு தனிக் கயிறு. கிணற்றின் அடிக்குப் போன பிறகுதான் இதன் வாய் திறக்கும். தெரியாதவர்கள் பார்த்தால் செய்வினை என்று நினைப்பார்கள்.

தண்ணீரைச் சோதிப்பவர்கள் மறுபடியும் வருகிறார்கள் என்று தகவல் வந்திருந்தது. முதல்நாள் மழை வேறு. மழையைப் பார்த்துப் பயப்படும் ஊர் நம்முடையதாகத்தான் இருக்கும்.

போன தடவையும் இப்படித்தான் மழை பெய்து விட்டிருந்தது. தெற்கே சவுக்குத் தோப்பு இருந்த இடத்தில் நிலக்கரிக் கிடங்கு வந்தது. கரித்தூசி பறக்கக் கூடாதாம். அதற்காக ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, நல்ல தண்ணீரை உறிஞ்சி, நிலக்கரிக்குக் காலையும் மாலையும் குளியல். நம் பிள்ளைகளுக்குக்கூட அந்த யோகம் இல்லை. உறிஞ்ச உறிஞ்சத் தரை உள்வாங்கியது. நம் கிணற்றின் உறைகள் சாய்ந்தன. கடலோடு சேரும் ஏரியின் உப்பு ஊற்றில் கலந்தது. நாம் கத்திய கத்தலில் ஒரு டேங்கர் லாரி வர ஆரம்பித்தது. கிணறு கெட்டுவிட்டது என்று சோதனை சொன்னால் லாரி தொடரும். நல்லது என்றால் நின்றுவிடும். நம் கிணறு ஃபெயிலாக வேண்டும் என்று ஊரே சாமிக்கு வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

முதலில் தரையை அளந்தார்கள். கிடங்குச் சுவருக்குள் நட்டிருந்த ஒரு கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஊர்த்தரை இறங்கவே இல்லை என்றார் அதிகாரி. அந்தக் கல்லும் தரையோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு படகும் ஒண்ணா முழுகினா, எது முழுகுதுன்னு எப்டி சார் தெரியும்?" என்றேன்.

நீங்கள் என் முழங்கையைக் கிள்ளினீர்கள். "சொம்மா இருப்பா. டீ குடிக்கிற மனுசன்கிட்ட இன்னா பேச்சு?"

பிறகு தண்ணீர் கேட்டார்கள். மழை பெய்தால் நம் கிணற்றில் மேலே நாலு குடம் நல்ல தண்ணீர் மிதக்கும். அதற்குக் கீழே எல்லாம் உப்பு. வாளியை அலுங்காமல் இறக்கி மேல்தண்ணீரை மட்டும் மொள்ள உங்களைப் போல் யாருக்குக் கை வரும்? மொண்டு, சேலைத் தலைப்பில் வடிகட்டி, சிரித்த முகத்தோடு அவர் பாட்டிலில் ஊற்றினீர்கள். அவர் மூடியைத் திருகிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணி, இன்னா பண்ணீங்க?"

"இன்னாபா பேசற நீ? வந்தவங்களுக்குப் போய் அடித்தண்ணியா குடுப்பாங்க?"

சொல்லி முடிப்பதற்குள் உங்கள் முகம் மாறிவிட்டது. ஜீப்பின் பின்னால் ஓடினோம். சேறுதான் கிடைத்தது.

தண்ணீர் குடிக்க உகந்தது என்று முடிவு வந்தது. லாரி நின்றது.

"நம்ம தண்ணி பாஸாயிடுச்சாம்பா," என்றீர்கள். "நான் அஞ்சாவதே பாஸாவல."

தண்ணீருக்காகக் குடத்தோடு திருப்பாலைவனத்துக்கு பஸ் ஏறிய பெண்கள் உங்கள் காதுபடவே பேசினார்கள். "அக்கா கையால இன்னொரு டம்ளர் குடுத்தா ஏரித்தண்ணியும் பாஸாயிடும்டி." அந்த வாரமே இந்தப் பாட்டிலைச் செய்தீர்கள். முதலில் வலையின் ஈயக் குண்டைக் கட்டினீர்கள். "தண்ணியில ஈயம் இருக்குதுன்னு எழுதிடுவானுங்க" என்று அதை அவிழ்த்துவிட்டுக் கல்லைக் கட்டினீர்கள். அடுத்த சோதனைக்குக் காத்திருந்தீர்கள். சோதனைக்கு முன்னால் காய்ச்சல் வந்துவிட்டது. உங்கள் சாவின் பழியைத் தண்ணீரின் மேல் போட மாட்டேன், அண்ணி. அதற்கும் சோதனைக்கு மாதிரி கேட்பார்கள்.

இன்று சோதிக்க வந்தது ஒரு இளம்பெண். கூடவே கிடங்கின் ஆள் ஒருவன். என் மனைவி வாளியோடு தயாராக நின்றாள். உங்களிடம் பழகிய கை, மேல்தண்ணீரைத்தான் மொள்ளும். நான் வாளியைப் பிடித்து நிறுத்திவிட்டுப் பாட்டிலை எடுத்தேன்.

"இன்னா சார், மந்திரமா? வாளியிலயே எடுங்க," என்றான் கிடங்கின் ஆள்.

"மந்திரம் வாளியிலதான் சார். போன தடவ பாத்தோமே."

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "இறக்குங்க. நானும் பாக்கறேன்."

கல் அடியைத் தொட்டது கையில் தெரிந்தது. தக்கைக் கயிற்றை இழுத்தேன். வரவில்லை. உங்கள் அடைப்பு அவ்வளவு உறுதி. பலங்கொண்டு இழுத்தேன், கயிறு விறைத்து நின்றது, தக்கை அசையவில்லை. கயிறு அறுந்தால் அவ்வளவுதான். கிடங்கின் ஆள் அதற்குள் வாளியில் கை வைத்துவிட்டான். சுற்றி நின்ற பெண்கள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்கள். உங்களைக் கேலி பேசியவர்கள்தான் எல்லோரும். கயிற்றைத் தளர விட்டு, வலையை உதறுவதுபோல ஒரு வெட்டு வெட்டி இழுத்தேன்.

அடியிலிருந்து குமிழிகள் வந்தன.

பாட்டிலை மேலே இழுத்தேன். அந்தப் பெண் அதிலிருந்து தன் பாட்டிலை நிரப்பி மூடியைத் திருகினாள். வெயில் ஏறியிருந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டாள். காலையிலேயே மொண்டு வைத்திருந்த குடத்திலிருந்து என் மனைவி ஒரு டம்ளர் கொடுத்தாள். குடித்தவளின் நெற்றி சுருங்கியது.

"நல்லாத்தானே சார் இருக்கு?"

கிடங்கின் ஆள் சிரித்தான்.

"அது விருந்தாளித் தண்ணிம்மா," என்றேன். "பாட்டில்ல இருக்கறதுதான் எங்களுது."

அவள் டம்ளரையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தாள்.

முடிவு இன்னும் வரவில்லை. தக்கையைப் பழையபடி அழுத்தி அடைத்து, பாட்டிலை அதே ஆணியில் மாட்டிவிட்டேன். குடத்தில் கொஞ்சம் மேல்தண்ணீர் மீதி இருக்கிறது. எங்களுக்குத் தாகம்தான், ஆனால் யாரும் அதைத் தொடவில்லை. நாளைக்கு யாராவது வரலாம்.