டிரில் டீச்சரின் சீட்டாட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? நான் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்புங்கள்.

எங்கள் புற்றுநோய் வார்டில் ஒரு சின்னச் சண்டை போட்டேன். பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. குணப்படுத்த முடியாத கட்டத்தில் ஒரு டிரில் டீச்சர் வந்து சேர்ந்தார். வலியை மருந்தால் அடக்கிவிட்டோம். அப்படியும் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். மகள் வந்தாலும் திரும்பவில்லை. "நான் எல்லாருக்கும் பாரம்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"சாகப் போறவங்க சோகமாத்தானே இருப்பாங்க? விடுங்க சிஸ்டர்," என்றாள் மகள்.

"விட மாட்டேம்மா. வெறும் சோகம்னா நடுவுல ஒரு தடவையாவது சிரிப்பாங்க. இது மனச்சோர்வு, தனி நோய். வைத்தியம் இருக்கு. சாகப் போறாங்கன்னு பல்வலியை அப்படியே விட்டுடுவோமா?" என்றேன்.

டாக்டரம்மாவையும் நச்சரித்தேன். அவர் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டு, மனச்சோர்வுதான் என்று உறுதிசெய்து மாத்திரை தொடங்கினார். மனநல ஆலோசகரும் அடிக்கடி வந்து பேசினார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆயின.

நேற்று மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"அழறதா இருந்தா வெளிய போய் அழு. இல்லேன்னா சீட்டுக்கட்டை எடு," என்று அதட்டினார் டீச்சர்.

புற்றுநோய் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் சீட்டாட்டத்தில் மகளையும் என்னையும் தோற்கடித்துவிட்டு, "நாளைக்கும் வாங்க, ஒரு கை பாத்துடலாம்" என்றார்.

அப்பா, ஒரு தலையணை உறை அனுப்புங்கள். இங்கே கிடைக்காமல் இல்லை. நம் வீட்டில் போட்டிருப்பதையே அனுப்புங்கள், துவைக்க வேண்டாம், வீட்டு வாசனை போய்விடும். வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் மகள்