என் காலைப் பற்றி உனக்கு மட்டும் தெரிந்தது

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீ நல்ல உடம்போடு இருக்க வேண்டும், அதுதான் என் ஆசை. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதித்தான் பழக்கம், இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. தையல் பிரித்துவிட்டார்கள். இடது காலில் இரண்டு விரல் இல்லாமல் நடக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். போனில் நீ கேட்டபோதெல்லாம் பரவாயில்லை என்றேன், பக்கத்தில் உன் அப்பா உட்கார்ந்திருந்தார், அவர் காதில் விழும்படி எதுவும் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

நீ கிளம்பிப் போன நாளிலிருந்து நானும் அவரும் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியாததா. போகட்டும் என்று அனுப்பி வைத்தவர் அவர், ஒற்றைப் பிள்ளையை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டவள் நான், அதோடு பேச்சு நின்றது. ஆயுசெல்லாம் பஸ்ஸில் கத்திக் கத்திப் பேசிய கண்டக்டர், வீட்டில் வாயே திறக்க மாட்டார். கேஸ் தீர்ந்துபோனதைக்கூட அவர் உனக்குப் போனில் சொல்லி, நீ எனக்குச் சொல்லி, நான் மாற்றினேன். தபால்காரன் வேலை பார்க்கிறேன் என்று நீ சிரிப்பாய். நல்ல தபால்காரன்.

நான் வேலைக்குப் போகும் தையல் கடையில் தரை முழுக்கக் குண்டூசி கிடக்கும். அதில் ஒன்று தேய்ந்த செருப்பைத் துளைத்துக்கொண்டு இடது உள்ளங்காலில், விரலடியில் ஏறியிருக்கிறது. சர்க்கரையில் மரத்துப்போன கால், எறும்பு கடித்த அளவுகூடத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தபோது தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம். என் கண்ணுக்கு அதுவும் படவில்லை. அவர் பார்த்தார். பழைய துணியால் துடைத்தார். துடைத்துவிட்டு என்னிடம் சொல்லாமல் உனக்குப் போன் போட்டு, "உங்க அம்மா கால்ல ரத்தம் வருது, பாக்கச் சொல்லு" என்றார். நீ "சரிப்பா, சொல்றேன்" என்றாய். சொல்லவில்லை.

அடுத்த வாரம் கடையில் ஒரே நாற்றம். கட்டிங் மாஸ்டர், "எலி ஏதோ செத்துக் கெடக்குக்கா" என்று துணி மூட்டையை எல்லாம் இழுத்துப் போட்டுத் தேடினார். நானும் கூடவே குனிந்து மேசைக்கு அடியில் தேடினேன். தேடுவது என் காலைத்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? புண் அழுகியிருப்பது தெரிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டாக்டர் இது எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டபோதுதான் உன் அப்பா வாயைத் திறந்தார், "போன வாரமே பாத்தேன் டாக்டர், பையன்கிட்ட சொல்லிட்டேன்" என்று. பையன் எங்கே என்றார் டாக்டர். வெளிநாட்டில் என்றார் இவர். டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகு போனில் நீ "மறந்துட்டேம்மா" என்று அழுதாய். அழுது விரல் முளைக்கப் போவதில்லை. உன்மேல் எனக்குக் கோபம்தான், பூசி மெழுக மாட்டேன். அவர்மேல் அதைவிடக் கோபம்.

வலது காலையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும், சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்க வேண்டும், வீட்டுக்குள்ளும் செருப்பு போட வேண்டும், போடுமுன் உதற வேண்டும் என்றாள் நர்ஸ். இதெல்லாம் நானே செய்துகொள்வேன். உள்ளங்காலை மட்டும் வேறொருவர்தான் பார்க்க வேண்டும், கண்ணாடி வைத்தாலும் எனக்கு மங்கல்தான். வேறு யார் இருக்கிறார்கள்? காலைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். உனக்குச் சொல்லத்தான்! எனக்கு வந்ததே ஆத்திரம், போனைப் பிடுங்கி, "என் காலு, எங்கிட்ட சொல்லுங்க" என்று கத்திவிட்டேன். காலை மறுபடி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பிறகு "குதிகால்ல சிவந்திருக்கு" என்றார். நீ போனபிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. சமாதானம் ஆகிவிட்டது என்று நினைக்காதே, காலைத் தவிர வேறு பேச்சு இன்றுவரை இல்லை. ஆனால் இனி உன் வழியாக ஒரு சொல்லும் வர வேண்டாம். அவர் ஏதாவது சொன்னால் அம்மாவிடமே சொல்லுங்கள் என்று போனை வைத்துவிடு.

நீ நோய்நொடியில்லாமல் நூறு வயசு இரு. இரண்டு பக்கமும் சர்க்கரை உள்ள குடும்பம், மறக்காமல் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வந்தால் எவ்வளவு சண்டை வேண்டுமானாலும் போடு, பேச்சை மட்டும் நிறுத்திவிடாதே.

இப்படிக்கு,
எட்டு விரலோடு உன் அம்மா