நீ உதைக்காமல் விட்ட வண்டி

என் கண்ணு செல்வராசு,

கடுதாசி என்றால் "நலம், நலம் அறிய ஆவல்" என்று ஆரம்பித்துத்தான் உன் அப்பனுக்குப் பழக்கம். எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்து உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? நாங்கள் நலம் என்று எழுதவும் கை வரவில்லை. அதனால் உன் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதுகிறேன்.

இஞ்சினைப் பிரித்து, பிஸ்டனுக்கு ரிங் மாற்றி, கடைசி போல்ட்டையும் முடுக்கிவிட்டு கிரீஸ் கையோடு வந்து நின்றாயே, அது கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. "மேலு சுடற மாதிரி இருக்குதுப்பா. காலையில உதைச்சுக்கறேன்" என்றாய். நான் சும்மா இருந்தேனா? "எத்தனை போல்ட்டுடா மிச்சம் வச்சிருக்கற?" என்றேன். சிரித்தாய். காலையில் உன்னால் எழுந்து உட்காரவே முடியவில்லை. தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், திரும்பக் கொண்டுவந்தோம். அவ்வளவுதான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நான்தான் உதைத்தேன். கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். அதோடு என் கெட்டிக்காரத்தனம் தீர்ந்துபோனது. மறுபடியும் உதைத்தேன். வண்டி அசையவில்லை, என் முட்டிதான் இடம் மாறிக்கொண்டது. எதிர்வீட்டு முனுசாமி பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஏனுங்க மாமா, எருமையை உதைச்சிருந்தாக்கூட இந்நேரம் கடத்தூரு போயிருக்குமுங்களே!"

நானும் சேர்ந்து சிரித்தேன். "தம்பி எதையோ சரியா மாட்டல போலிருக்குதுங்க" என்றான். அப்போதுதான் சிரிப்பு நின்றது.

அந்தப் பேச்சு என்னை அரித்தது. நீ கடைசியாகச் செய்த வேலை, அது தப்பா? மெக்கானிக் வந்தால் இஞ்சினைப் பிரிப்பார். உன் கை முடுக்கியதை எல்லாம் இன்னொரு கை தளர்த்தும். அதற்கு மனசு வரவில்லை. வண்டிமேல் சாக்கைப் போர்த்தினேன். நீ கடைசியாகப் போர்த்திக் கிடந்த மாதிரியே இருந்தது. எடுத்துவிட்டேன்.

கடைசியில் போன வாரம் மெக்கானிக் பாஷா பாயை வீட்டுக்கு வரச் சொன்னேன். இஞ்சினைப் பிரிக்கும் முன்னே டேங்கில் இருப்பதை ஒரு பாட்டிலில் பிடித்தார். பெட்ரோல் விலை ஏறிக் கிடக்கிற காலமாச்சே. பிடித்ததை வெயிலில் தூக்கிப் பார்த்தார். மேலே பெட்ரோல். அடியில் தண்ணீர் தனியாக நின்றது.

"தண்ணி ஊத்துனது யாருங்கண்ணே?"

உள்ளேயிருந்து உங்கம்மா குரல் வந்தது. "நாந்தான்."

நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நான் தீர்த்தமலை ஏறி ஒரு சொம்பில் தீர்த்தம் கொண்டுவந்தேன். அதற்குள் உன் தொண்டை எதையும் இறக்கவில்லை. உதட்டை நனைத்ததோடு சரி. மீதி என்ன ஆனது என்று நான் கேட்கவே இல்லை.

"மலைத் தீர்த்தமுங்க. கால் படற எடத்துல கொட்டக் கூடாது. செடிக்கு ஊத்தலாம்னு எடுத்துட்டுப் போனேன். வண்டி நின்னுச்சு. அவந்தான் குடிக்கல, அவன் வண்டியாச்சும் குடிக்கட்டும்னு மூடியைத் தொறந்து ஊத்திட்டனுங்க."

திட்டுவேன் என்று நின்றாள். எந்த வாயால் திட்டுவேன்? பாஷா பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு டேங்கையும் கார்புரேட்டரையும் கழுவினார். இஞ்சினைத் தொடவே இல்லை. புதுப் பெட்ரோலை ஊற்றிவிட்டு, "நீங்களே உதைங்கண்ணே" என்றார்.

ஒரே உதை. கிளம்பிவிட்டது, கண்ணு. உன் வேலையில் ஒரு குறையும் இல்லை. முனுசாமி வீட்டுப் பக்கம் திரும்பி நன்றாக முறுக்கினேன்.

மறுநாள் கடத்தூர் போய்வந்தேன். வழியில் மாட்டுவண்டிகள் என்னை முந்திப் போனதை விட்டுத்தள்ளு. திரும்பி நம் தெருவுக்குள் நுழைந்தேன். சத்தம் கேட்டு உங்கம்மா சொம்பில் தண்ணீரோடு வாசலுக்கு ஓடிவந்தாள். நீ வந்தால் ஓடிவருவாளே, அதே மாதிரி, அதே சிரிப்போடு. வண்டிமேல் இருந்தது நான்.

"நீங்களா" என்றாள். சொம்பை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். அந்தத் தண்ணீர் இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது.

வண்டி ஓடிவிட்டால் ஏதோ சரியாகிவிடும் என்றிருந்தேன். எது சரியாகும் என்று நினைத்தேன், கண்ணு?

வண்டியை விற்கமாட்டேன். நீ முடுக்கிய போல்ட்டை யாரும் தளர்த்த விடமாட்டேன். ஆனால் இனிமேல் தெருமுனையிலேயே இஞ்சினை நிறுத்திவிட்டு வீடுவரைக்கும் தள்ளிக்கொண்டுதான் வருவேன். அந்தச் சத்தம் இன்னொரு தடவை அவளை வாசலுக்கு இழுக்கக் கூடாது. "மறுபடியும் நின்னுபோச்சுங்களா மாமா?" என்று முனுசாமி சிரிப்பான். வண்டிமேல் பழி போடமாட்டேன். "வண்டி நல்லாத்தான்டா இருக்குது, எனக்குத்தான் ஓட்டத் தெரியல" என்று சொல்லிக்கொள்கிறேன்.

தள்ளிக்கொண்டு வரும்,
உன் அப்பன்.