உட்கார்ந்தால் தெரியாத ஆறு

ரூஸே, 18 செப்டம்பர் 2006

என் அன்புத் திம்காவுக்கு,

நான் நலம். ஆறாவது மாடி ஏறும்போது முழங்கால் மட்டும் முனகுகிறது, லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? நீ பார்த்துக்கொள்ளும் இனேஸ் அம்மாள் இப்போதாவது இரவில் தூங்குகிறாளா?

இத்தாலிக்கும் இங்கேயுமாக ஓடும் கிரிலின் வேனில் உனக்குக் குடைமிளகாய்த் தொக்கு அனுப்புகிறேன். இதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. புதிதாக வாங்கிய மிளகாய் சுடும் அடுப்பு இரண்டாம் நாளே உயிரை விட்டது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்தவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதத் தொறந்தது யாரு?"

"நான்தான். ஓடல, அதனால தொறந்தேன்."

"தொறந்தா கேரண்டி கெடையாதுங்க."

"தொறக்காம எப்படிப்பா தெரியும், எதனால ஓடலன்னு?"

"தெரிஞ்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

கப்பல் கட்டும் தளத்தில் முப்பது வருஷம் மின்வேலை பார்த்தவனிடம் கேட்கிறான்! வீட்டுக்கு வந்து பழைய இஸ்திரிப் பெட்டியின் காயிலைப் பிடுங்கி இதில் போட்டேன். சிவக்கச் சிவக்க எரிந்தது. அதோடு கட்டிடம் முழுக்க ஃப்யூஸும் போனது. கீழ்வீட்டுப் பெஞ்சோ மெழுகுவத்தியோடு மேலே வந்து, "மெத்தோடி, உன் பொண்டாட்டி எப்ப வர்றா? நாங்கெல்லாம் உயிரோட இருக்கும்போதே வரச் சொல்லு" என்றான்.

அவன் கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறாய் அல்லவா? வந்தால் உனக்கு வீடே அடையாளம் தெரியாது. இந்தப் பக்கம் எல்லோரும் பால்கனியை ஜன்னல் வைத்து அடைத்துவிட்டார்கள். நம்முடையது மட்டும் பொக்கைவாய் மாதிரி திறந்து கிடக்கிறது. அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

உன் வழியையே பார்த்திருக்கும்
மெத்தோடி

•

பார்மா, 3 அக்டோபர் 2006

அன்புள்ள மெத்தோடிக்கு,

தொக்கு வந்தது. ஒரு பாட்டில் வழியிலேயே திறந்துகொண்டு என் கம்பளிக் காலுறைகளை நாசமாக்கிவிட்டது. மூடியை நீயே செய்த இயந்திரத்தால்தான் இறுக்கினாய் என்று எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் அமிர்தம். காரம் ஆகாது என்று முகம் சுளித்த இனேஸ் அம்மாள், நான் துணி காயப்போடப் போன நேரத்தில் ஸ்பூனும் கையுமாகப் பிடிபட்டாள்.

பாவம், அவளைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் காற்று பட்டால் செத்துவிடுவோம் என்று பயம். ஜன்னல் கதவுகளைப் பகலிலும் திறக்க விடுவதில்லை. காலையில் எழுந்தது முதல் அவளைத் தூக்க, குளிப்பாட்ட, நடத்த, கஞ்சி கிளற, எல்லாம் மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில்தான். சில நாள் வெளியே மழையா வெயிலா என்றுகூடத் தெரியாது.

அப்போதெல்லாம் நான் நினைப்பது ஒன்றே ஒன்று. நம் பால்கனி, என் பச்சை நாற்காலி, உன் பழைய கோட்டைப் போர்த்திக்கொண்டு ஒரு காபி. டான்யூபில் சரக்குப் படகு போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான், மெத்தோடி. அதற்காகத்தான் வருகிறேன். இவளுடைய மகனிடம் விடுப்புக்குச் சொல்லிவிட்டேன்.

உன் 'அடையாளம் தெரியாது' என்னைக் கலக்குகிறது. போன தடவை குளியலறைக் கதவை மாற்றினாய். அது இன்றுவரை ஃப்ரிட்ஜில் முட்டுகிறது. பால்கனியைத் தொடாதே. பொக்கையாகவே இருக்கட்டும்.

வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும்
திம்கா

•

ரூஸே, 29 அக்டோபர் 2006

அன்புத் திம்கா,

உன் கடிதம் கிடைத்தது. பால்கனி பற்றி எழுதியிருந்தாய். வந்து பார், பிறகு சொல்.

இங்கே எனக்கு ஒரு மாதமாக எல்லோருடனும் மல்லுக்கட்டு. ஜன்னல்கள் வந்தன. எந்த ஜன்னல் என்று கேட்காதே. ஒவ்வொன்றும் ஒரு சாண் குட்டை! கம்பெனிக்குப் போன் போட்டால் முதலில் பாட்டு. பாட்டு முடிந்தால் ஒரு பெண், "ஒங்க அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்கிறாள். மறுபடி பாட்டு. கடைசியில் வேறொருத்தி வந்தாள்.

"நீங்க எழுதிக் குடுத்த அளவுதாங்க அது."

"நான் ரெண்டு தடவ அளந்தேம்மா."

"ரெண்டு தடவயும் அதே டேப்பாலயா?"

போனை வைத்துவிட்டேன். டேப்பின் நுனி எப்போதோ உடைந்துபோனது உனக்குத்தான் தெரியுமே. போகட்டும், செங்கல் இரண்டு வரிசை ஏற்றினால் சரியாகிவிடும். அதுவும் ஒரு அழகுதான்.

பெயின்ட் கதை இதைவிட மோசம். 'ஒரே பூச்சில் எல்லாம் மறையும்' என்று டப்பாவில் போட்டிருக்கிறான். மூன்று பூச்சு அடித்துவிட்டேன். சுவர் மூலையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு எண்ணெய்க் கறை, உள்ளங்கை அகலம். ஒவ்வொரு தடவையும் காய்ந்ததும் எட்டிப் பார்க்கிறது. கடைக்காரனிடம் போனால், "செவுத்துல என்ன இருந்துச்சு?" என்று என்னையே கேட்கிறான். எனக்கென்ன தெரியும்? கடைசியில் அதன்மேல் ஒரு அலமாரியை மாட்டிவிட்டேன்.

சொன்னால் கோபப்படுவாய், கட்டைவிரலில் சுத்தியல் பட்டது. நகம் கறுத்திருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை.

கறுத்த விரலோடு காத்திருக்கும்
மெத்தோடி

•

பார்மா, 19 நவம்பர் 2006

மெத்தோடி,

நேற்று கிரில் வந்திருந்தான். உன் பார்சலைக் கொடுத்துவிட்டு, நான் கேட்காமலே பாராட்டு மழை பொழிந்தான். "அக்கா, ஒங்க வீட்டுக்காரர் கைகாரருதான். பால்கனிய முழுசா அடைச்சு சமையலறை ஆக்கிட்டாரு. அடுப்பு, தண்ணித்தொட்டி எல்லாம் அங்கயேதான். அடுப்புகிட்ட நின்னா ஆறு அப்படியே தெரியுது."

"உக்காந்தா?" என்று கேட்டேன்.

"உக்காந்தா செவுரு தெரியும். சமையக்கட்டுல யாருக்கா உக்காரப் போறா?"

அவன் ஓட்டுநர். அவனுக்குத் தெரியாது. உனக்கு நான் எழுதினேன். கெஞ்சாத குறையாக எழுதினேன்.

என் நாற்காலி எங்கே?

இங்கே விடிந்ததிலிருந்து நிற்கிறேன், மெத்தோடி. சாப்பிடும்போதும் பாதி நிற்கிறேன், அவள் கூப்பிட்டுவிடுவாளே என்று. நீ எனக்காகப் பார்த்துப் பார்த்துக் கட்டியது மறுபடியும் ஒரு அடுப்பு. உன் கனவில்கூட நான் நின்றுகொண்டுதான் இருக்கிறேனா?

திம்கா

•

ரூஸே, 3 டிசம்பர் 2006

திம்கா,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் எந்த வேலையும் ஓடவில்லை.

பெஞ்சோவின் மனைவி வந்து பார்த்துவிட்டு, "எம் புருஷனும் இருக்கானே, ஒரு ஆணி அடிக்கத் துப்பில்ல" என்று பெருமூச்சு விட்டாள். ஊரே மெச்சுகிறது. உனக்கு மட்டும் பிடிக்கவில்லை. குளிரில் விரல் விறைக்க விறைக்கச் செங்கல் வைத்தேன். யாருக்காக?

நாற்காலி கேட்டாய். நிலவறையில் போட்டிருக்கிறேன். ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். நீ போய் மூன்று வருஷமாக, தினமும் காபியோடு வந்து நிற்பேன், அது காலியாக இருக்கும். என்னால் பார்க்க முடியவில்லை. அடைத்துவிட்டால் அது வேறு இடமாகிவிடும் என்று நினைத்தேன். நான் உன்னைப் போகச் சொன்னேனா? கப்பல் தளத்தை மூடியது நானா? பெட்டியைக் கட்டியது நீ. வெறும் வீட்டில் கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய வேண்டும் என்று நீ எழுதியதே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வா. பேசிக்கொள்ளலாம்.

மெத்தோடி

•

பார்மா, 12 டிசம்பர் 2006

மெத்தோடிக்கு,

இனேஸ் அம்மாளின் மகன் பண்டிகைக்கு என்னை இங்கேயே இருக்கும்படி கேட்டான். சரி என்றுவிட்டேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவன் ஒன்றும் நினைத்திருக்க மாட்டான். சொல்லத் தோன்றவில்லை.

நீ எழுதியதெல்லாம் உண்மைதான். பெட்டியைக் கட்டியது நான்தான். வந்து உட்கார ஒரு இடம் இருக்கிறது என்ற தைரியத்தில் கட்டினேன்.

கிரிலிடம் கிறிஸ்துமஸ் கேக் கொடுத்திருக்கிறேன். விரலைக் கவனித்துக்கொள். நான் எழுதவில்லை என்றால் கவலைப்படாதே, எழுத ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

திம்கா

•

ரூஸே, 18 பிப்ரவரி 2007

திம்காவுக்கு,

நீ எழுதவில்லை. கிரில் வரும்போதெல்லாம் கையை விரிக்கிறான். ஆனாலும் மார்ச் முதல் தேதிக்குள் உனக்குச் சேர வேண்டும் என்று வசந்தத்தை வரவேற்றுக் கையில் கட்டும் சிவப்பு வெள்ளை நூலை இதோடு வைத்திருக்கிறேன். கட்டிக்கொள். அதற்காவது என்மேல் கோபம் வேண்டாம்.

எல்லாவற்றையும் இடித்துவிட்டேன். புத்தாண்டு முதல் பல்கேரியா ஐரோப்பிய யூனியனில் சேர்ந்துவிட்டது, இனி நாமும் ஐரோப்பியர்களாம். முதல் வேலையாக ஜன்னல் கம்பெனிக்குப் போன் போட்டேன், திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று. அதே பாட்டு. ஜன்னல்கள் இப்போது மாடிப்படியில் சாய்ந்து நிற்கின்றன. அடுப்பும் தொட்டியும் நடுக்கூடத்தில். குழாய் எதற்கும் இணைக்கப்படவில்லை. மிளகாய் அடுப்பில் முட்டை அவித்துச் சாப்பிடுகிறேன்.

பெஞ்சோ வந்து பார்த்தான். "கட்டினப்பவும் தூங்க விடல, இடிக்கிறப்பவும் தூங்க விடல. ஒனக்குப் பைத்தியமாடா?"

"ஆமா" என்றேன். அவனே ஒரு பக்கம் பிடித்து ஜன்னலை இறக்கிக் கொடுத்தான்.

நாற்காலியை நிலவறையிலிருந்து கொண்டுவந்து போட்டேன். கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அதில் உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. என்ன பார்த்தேன் தெரியுமா? ஒன்றும் தெரியவில்லை. கைப்பிடிக் கம்பி சரியாகக் கண்ணுக்கு நேரே வருகிறது. மேலே எதிர்ப்பக்க ருமேனியக் கரை, கீழே கொஞ்சம் தண்ணீர். படகு போனால் கம்பிக்குப் பின்னால்தான் போகிறது. இருபது வருஷம் இதிலிருந்து எதைத்தான் பார்த்தாய் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

பிறகு அலமாரியைக் கழற்றினேன். பின்னால் அந்தக் கறை. மூன்று பூச்சையும் மீறி மஞ்சளாக இருந்தது. நாற்காலியை மூலைக்கு நகர்த்தி, சுவரோடு ஒட்டிச் சரிந்து உட்கார்ந்தேன். நான் நெட்டை, என் தலை மேலே போனது. இன்னும் சரிந்தேன். தலை கறைமேல் பட்டதும் கம்பிக்குக் கீழே ஆறு முழுசாகத் தெரிந்தது, திம்கா. ஒரு படகு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

அது உன் தலை பட்டுப் பட்டுப் படிந்த எண்ணெய். அதைத்தான் நான் மூன்று முறை பூசி மறைக்கப் பார்த்தேன். நல்ல வேளை, மட்டமான பெயின்ட். அந்தக் கம்பெனிக்காரன் நன்றாக இருக்கட்டும்.

கழுத்து வலிக்கும் வரை அங்கேயே இருந்தேன். அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன். இந்தக் கம்பி உனக்கு இடைஞ்சல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அரை மணியில் அறுத்துத் தாழ்த்தியிருப்பேன். சொன்னால் கம்பியோடு பால்கனியையும் அறுத்துவிடுவேன் என்று பயந்தாய் போலிருக்கிறது.

இப்போதும் அறுக்கலாமா என்று கை பரபரக்கிறது. ரம்பத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன். நீ சொல்லாமல் தொட மாட்டேன்.

மெத்தோடி

•

பார்மா, 4 மார்ச் 2007

மெத்தோடி,

நூலைக் கட்டிக்கொண்டேன். இனேஸ் அம்மாள் தனக்கும் வேண்டும் என்றாள். பாதியை அவிழ்த்து அவளுக்கும் கட்டினேன்.

கிரிலின் வேனில் வருகிற சனிக்கிழமை ஒரு இடம் சொல்லியிருக்கிறேன். ஒரு வாரம்தான். அதற்குப் பிறகு என்ன என்று கேட்காதே, எனக்கே தெரியாது. வந்தால் நேரே பால்கனிக்குப் போவேன். நீ எவ்வளவு கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன். அடுப்பு நடுக்கூடத்திலேயே இருக்கட்டும், அவித்த முட்டை எனக்குப் போதும்.

கம்பியைத் தொடாதே. சுவரைத் தொடாதே.

உனக்கும் ஒரு நாற்காலி வேண்டும். செய்யாதே, கடையில் வாங்கு. ஆடினாலும் அப்படியே விட்டுவிடு.

திம்கா