சிவப்புப் புள்ளியைத் தாண்டி

அன்பு மகள் பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் அங்கே சளி காய்ச்சல் என்று படுக்காமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நானும் இருக்கிறேன். நலம் என்று எழுத வேண்டிய இடம் இது, எழுதலாம்தான், குளிக்கிறேன், சாப்பிடுகிறேன், கீழே இறங்கிப் போய் பால் வாங்கி வருகிறேன், போன வாரம் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ்கூட உங்களுக்கென்ன சார், இளவட்டம் மாதிரி இருக்கு என்றாள். அம்மா போனதிலிருந்து உடம்பு அதன் பாட்டுக்கு எல்லா வேலையையும் செய்கிறது, நான் கூடவே போய் வருகிறேன், அவ்வளவுதான். அழுகை வரவில்லை. பல் பிடுங்கும் முன் ஊசி போட்டால் கன்னம் யாருடையதோ மாதிரி இருக்குமே, அப்படித்தான் இருக்கிறது, வலி இல்லை, அதனால் நீ கவலைப்படாதே. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் இந்தப் பக்கம் ம் ம் என்று சொல்லிக்கொண்டிருப்பேன், அது இரண்டு பேருக்கும் நன்றாக இருக்காது. காகிதத்தில் நீ அழுதாலும் எனக்குத் தெரியாது, நான் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருப்பதும் உனக்குத் தெரியாது.

உன் அண்ணன் உன்னிடம் பேசியிருப்பான், அல்லது இந்த வாரத்தில் பேசுவான். அப்பா தனியாக இருந்தது போதும், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு என்னோடு கூட்டிப் போகிறேன், நீயும் சரி என்று சொல்லிவிடு என்பான். நீ சொன்னால் நான் மறுக்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அதனால் நீ வாயைத் திறப்பதற்கு முன் நடந்ததை முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும். இத்தனைக்கும் ஆரம்பம் நம் வீட்டில் பாத்திரம் கழுவும் டிஷ்வாஷர். நீ முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தாயே, அதுதான். அது வந்த வாரமே அம்மா உன் மேஜை டிராயரில் நீ விட்டுப்போன நெயில் பாலிஷை எடுத்து, அதன் குமிழைச் சுற்றி எழுதியிருக்கும் எழுத்துகளுக்கு நடுவே, இருப்பதிலேயே குறைந்த சூட்டுக்கு நேராக ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள், நீ பார்த்திருப்பாய். எனக்காக வைத்தது. நான் எங்காவது கையை வைத்துக் கெடுத்துவிடுவேன் என்று பயம் அவளுக்கு. இந்தப் புள்ளிக்கே வைங்க, இதைத் தாண்டித் திருப்பாதீங்க என்று சொல்லி வைத்திருந்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் எனக்கு நிகர் யார். அவள் போன பிறகும் தட்டு, டம்ளர், வாணலி எல்லாவற்றையும் சாப்பிட்ட கையோடு உள்ளே அடுக்கி, புள்ளிக்கு வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். முட்டை பொரித்த எண்ணெய், பால் காய்ச்சிய ஏடு எல்லாம் அப்படியே உள்ளே போயிற்று. பெட்டிக்குள் வைத்தால் பெட்டி பார்த்துக்கொள்ளும் என்றுதான் நினைத்தேன், அப்படித்தானே இத்தனை வருடம் இருந்தது.

போன மாதம் ஒரு விடுமுறை நாளில் அண்ணன் குடும்பத்தோடு வந்தான். அவனுடைய வாண்டு ஓடி வந்த வேகத்தில் தண்ணீர் கேட்டது, கொடுத்தேன். வாயில் வைத்த உடனே டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தாத்தா, இது நாறுது என்றது. உன் அண்ணி டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், பார்த்துவிட்டு மெதுவாக மேஜைமேல் வைத்தாள், அவள் நல்ல பிள்ளை. உன் அண்ணன்தான் நேராகச் சமையலறைக்குப் போய் மெஷின் கதவைத் திறந்தான். திறந்தவன் இரண்டடி பின்னால் வந்து ஜன்னலைத் திறந்தான். கதவின் ரப்பர் விளிம்பெல்லாம் சாம்பல் நிறத்தில் வழவழ என்று ஏதோ படிந்திருந்தது, தட்டுகளில் கை வைத்தால் ஒட்டியது. என்னப்பா இது, இதுலயா சாப்பிடுறீங்க, உங்களுக்கு வாடையே தெரியலையா என்றான். தெரியவில்லை, கண்ணு. உண்மையாகவே தெரியவில்லை. என் மூக்கும் மற்றதோடு சேர்ந்து வேலைக்கு லீவு போட்டிருந்தது. அவன் என் முகத்தையே பார்த்தான், அவன் கண் கலங்கியது, அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இனிமேல் நீங்க இங்க தனியா இருக்க வேண்டாம்பா, மாடி ரூமைக் காலி பண்ணி வைக்கிறேன், வந்திடுங்க என்றான். சரி என்றேன். நீ தப்பாக நினைக்காதே, யோசித்துச் சொன்ன சரி இல்லை அது. அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், காய்கறிக்காரர் அழுகின தக்காளியை எடைக்குப் போட்டபோதும் சரி என்றேன்.

மெஷினைக் கழற்றி எடுத்துப் போகச் சொல்லி அவன் ஒரு மெக்கானிக்கை அனுப்பினான், ஆனால் வந்தவருக்கு அதைக் கழற்ற மனம் வரவில்லை. உள்ளே அடியில் வடிகட்டி ஒன்று இருக்கிறதாம், நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன், அவர் அதை வெளியே எடுத்ததும் எனக்கே வாடை வந்தது, என்றால் பார்த்துக்கொள். மெஷின் மேல ஒண்ணும் தப்பில்ல சார், சூடு பத்தல, எண்ணெய்ப் பிசுக்கு வெதுவெதுப்பான தண்ணிக்கு அசையுமா, சோப்பும் கரையாது, ரெண்டும் சேர்ந்து குழாய்க்குள்ளயே படிஞ்சுக்கும், அதான் நாறுது என்றார். சூட்டைக் கூட்டி வைத்தால் தட்டும் சுத்தமாகும், மெஷினும் உள்ளே தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் என்றார். இத்தனை வருஷமா இந்தச் சூட்டுலயா ஓட்டுனீங்க, வாடையே வரலையா என்று கேட்டார். ஒரு நாளும் வந்ததில்லை, புதிதாக வாங்கியது போலத்தான் இருந்தது என்றேன். அவர் நம்பவில்லை, கிழவன் மறந்துவிட்டான் என்று நினைத்திருப்பார்.

அந்த நேரம் பார்த்து உன் பெரியம்மா வந்தாள். அம்மா போன பிறகு இரண்டு தெரு தள்ளியிருந்து எனக்கு டப்பாவில் சாப்பாடு கொண்டுவருகிறாள், சும்மா வருவதில்லை, என்னைத் திட்டுவதற்கும் சேர்த்துத்தான் வருகிறாள். மெக்கானிக் கேட்டது காதில் விழுந்ததும் டப்பாவை மேடைமேல் வைத்துவிட்டு, வாடை எப்படி வரும், அவதான் எல்லாத்தையும் தேய்ச்சுக் கழுவிட்டுத்தானே உள்ள அடுக்குவா என்றாள். எனக்குப் புரியவில்லை. என்ன சொல்றீங்க என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்து ஒரு ஜோடி ரப்பர் கையுறையை எடுத்து மேடையில் போட்டாள். விரல் நுனியெல்லாம் தேய்ந்து ஓட்டை. நான் அது குளியலறை கழுவுவதற்கு என்று நினைத்திருந்தேன், நினைத்திருந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, பார்த்திருந்தேன், அவ்வளவுதான். வேளாவேளைக்குக் கையால் கழுவியிருக்கிறாள், பாப்பா. கழுவிவிட்டு அதே பாத்திரங்களை மெஷினுக்குள் அடுக்கி, சுத்தமானதற்கு எதற்கு அதிகக் கரண்ட் என்று குறைந்த சூட்டில் ஓட்டியிருக்கிறாள். பிள்ளை மொத சம்பளத்துல ஆசையா வாங்கிக் குடுத்தது, சும்மா நின்னா அவ மனசு என்ன பாடுபடும் என்று பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அதற்காக அழுக்குத் தட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கவும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. நீ போனில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம், மெஷின் ஓடுதாம்மா என்று கேட்பாய், அவள் போனைத் தூக்கிக்கொண்டு போய், பாரு, ஓடுது என்று காட்டுவாள், நினைவிருக்கிறதா. ஓடியதென்னவோ உண்மைதான். பக்கத்து அறையில் நான் செய்தி பார்த்துக்கொண்டிருப்பேன், தண்ணீர் விழும் சத்தம் கேட்கும், மெஷின் தண்ணீர் பிடிக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். காலமெல்லாம் அச்சகத்தில் பிழை திருத்திய ஆள் நான், ஒரு கால் எழுத்து விட்டுப்போனாலும் கண்ணில் பட்டுவிடும்.

இதை உனக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அம்மா கொஞ்ச நேரமாவது உட்கார்ந்தாள், அது என்னால் என்று நீ அம்மா காரியத்தன்று அண்ணியிடம் சொல்லி அழுதாய், அதைப் பிடுங்கிக்கொள்வதில் எனக்கு என்ன வந்தது என்றும் தோன்றியது. ஆனால் மெஷின் பழசாகிவிட்டது, வேறு வாங்கி அனுப்புகிறேன் என்று நீ அண்ணனிடம் சொன்னாயாம். வேண்டாம். அதற்கு ஒன்றுமில்லை. நீ வாங்கியது நல்ல சாமான், நாங்கள்தான் அதை வேலை செய்ய விடவில்லை. நீ வருத்தப்படு, படாதே என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் உன்மேல் தப்பு என்று மட்டும் நினைக்காதே, அவள் அதைச் சிரித்துக்கொண்டே செய்ததாகப் பெரியம்மா சொல்கிறாள்.

மெக்கானிக் போன பிறகு, பெரியம்மாவும் போன பிறகு, மத்தியானத்தில் குமிழைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு திருப்பு திருப்புவதற்கு இவ்வளவு யோசனையா என்று நீ சிரிப்பாய். அந்தப் புள்ளியை அவள் எனக்கென்று வைத்தாள், அவள் சொன்னதில் நான் இன்னும் செய்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். தாண்டித் திருப்பினேன். வடிகட்டியைச் சுடுதண்ணீரில் தேய்த்து மாட்டி, மேல்தட்டில் ஒரு கிண்ணம் வினிகர் வைத்து, ஒரே ஒரு டம்ளரை மட்டும் பக்கத்தில் வைத்து, மற்றபடி காலியாக, இருப்பதிலேயே அதிகச் சூட்டில் ஓட்டினேன். சத்தம்கூட வேறு மாதிரி இருந்தது. முடிந்ததும் பொறுமை இல்லாமல் உடனே கதவைத் திறந்துவிட்டேன், ஆவி முகத்தில் அடித்து மூக்குக்கண்ணாடியை மறைத்துவிட்டது, தடவித் தடவி டம்ளரை எடுத்தேன். சுட்டது. நல்ல சூடு, விரல் சிவந்துவிட்டது, ஆனாலும் கீழே வைக்கவில்லை. இத்தனை நாளில் கையில் ஒன்று இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. பெரிதாக எதுவும் ஆகிவிடவில்லை, அழவெல்லாம் இல்லை, மறுபடி பழையபடிதான் இருக்கிறேன். ஆனால் சுட்டது, அதை உனக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

இப்போது தட்டில் மிச்சத்தை மட்டும் வழித்துக் கொட்டிவிட்டு உள்ளே வைத்துவிடுகிறேன், சூடு மீதியைப் பார்த்துக்கொள்கிறது. அம்மாவின் பூப்போட்ட தட்டுகளை மட்டும் கையால் கழுவுகிறேன், அந்தச் சூட்டுக்கு நிறம் போய்விடுமாம். அடுத்த முறை அண்ணன் வந்தபோது தண்ணீர் கொடுத்தேன், குடித்தான், டம்ளரை வெளிச்சத்தில் பார்த்தான், இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தான். அப்புறம், சரி கிளம்புங்கப்பா, ரூம் ரெடி என்றான். நான் வரலை என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான், மெஷின் சரியாகிவிட்டால் ஆள் சரியாகிவிட்டான் என்று ஆகுமா என்று அவனுக்குக் கோபம், கேட்க வேண்டிய கேள்விதான். பாப்பாகிட்ட கேக்குறேன், அவ சரின்னா நானும் சரி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அதனால் இப்போது முடிவு உன் கையில்.

நான் ஏன் வரவில்லை என்றால், பாப்பா, சாப்பாடு ஆனதும் மெஷினைத் திருப்பிவிட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன், அது ஓடுகிறது, எனக்கு ஒரு வேலையும் இல்லை. அம்மாவுக்கு என்று நீ வாங்கிக் கொடுத்த ஓய்வு இத்தனை வருடம் கழித்து எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அப்படி உட்கார்ந்திருக்கும்போது யோசித்தேன், இது ஒன்றுதானா என்று. இந்த வீட்டில் தானாக நடந்ததாக நான் நினைத்த எத்தனையை அவள் நடத்தியிருப்பாள். இந்த வாரம் குளியலறைத் தண்ணீர் போக மாட்டேன் என்கிறது, அலமாரித் துணியில் ஒரு மாதிரி ஈர வாடை வருகிறது, வாசல் கதவு கிறீச்சிடுகிறது, முன்பு கிறீச்சிட்டதே இல்லை. ஒவ்வொன்றாகக் கெடும்போதுதான் அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரிய வருகிறது, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. உன் அண்ணன் வீட்டு மாடியில் எல்லாம் நன்றாக இருக்கும், ஒன்றும் கெடாது. எனக்கு அது வேண்டாம். இங்கே இன்னும் எது எது கெடுகிறது என்று பார்க்க நான் இருக்க வேண்டும். அப்பா இருக்கட்டும் என்று அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும் நோயில்லாத உடம்பும் கிடைத்து, ஒருவருக்கொருவர் துணையாக நிறைய காலம் இருக்க வேண்டும் என்று அம்மா பேரையும் சேர்த்து ஆசீர்வதிக்கிறேன். உன் வீட்டு மெஷினையும் மாதம் ஒருமுறை சூட்டைக் கூட்டிக் காலியாக ஓட்டு, வடிகட்டியை மறந்துவிடாதே, ஓடி முடிந்ததும் ஆவி போகக் கதவைக் கொஞ்சம் திறந்து வை. இதையெல்லாம் நீயே செய்துவிடாமல் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு அவர் கண் முன்னால் செய். நீ எதைச் செய்தாலும் அவருக்குத் தெரியும்படி செய்.

இப்படிக்கு,
சிவந்த விரலோடு,
உன் அப்பா